பைபாஸ் தாண்டி ஊருக்குள்ளே

என் வீட்டுக்காரர் பார்க்காத ஊர் இந்தியாவில் இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அவர் லாரி ஓட்டுகிறவர். இந்தூருக்கு ஜவ்வரிசி கொண்டுபோவார், நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றி வருவார். ஆனால் பெரிய ஊர்களுக்குள் பகலில் லாரியை விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு உள்ளே போய், கோடவுனில் சரக்கை இறக்கிவிட்டு, விடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். "இந்தூர்ல பெரிய அரண்மனை இருக்குதாமே, பாத்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கும். நான் பாத்தது ஒரு டீக்கடையும் பஞ்சர் கடையுந்தான்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனதில் தங்கிவிட்டது.

நான் சேந்தமங்கலம் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கோடை விடுமுறையின்போது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுப்பதற்காக அவருடைய லாரி பட்டறையில் நின்றது. டிங்கர் வேலை, பெயின்ட் வேலை என்று பல நாள் இழுக்கும். வண்டி நின்றால் அவருக்குக் கை கால் நிற்காது. வாசலைக் கூட்டினார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார். கடைசியில் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரப்படி அடுக்கிவைத்தார். அன்று மிளகாய்த்தூளைத் தேடிக்கொண்டே பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "ரெண்டு பேரும் எங்கியாச்சும் போய்ட்டு வாங்கம்மா. நல்ல ஓட்டலா ரூம் போட்டுத் தாரேன். எங்க போறீங்க? மைசூரு? ஊட்டி?"

போனை அவரிடம் கொடுத்தேன். "தூரமெல்லாம் வேண்டாஞ் சாமி. தூரம் போய்ப் போய்த்தான் அலுத்துப் போச்சு. சேலத்துல போடு."

"சேலமா?" என்று அங்கே மகளும் இங்கே நானும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

எங்களுக்குச் சேலம் என்றால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பது. அவருக்கு அதுவும் கிடையாது. எத்தனை வருடமாக வடக்கே போனாலும் சேலத்தை வெளியே சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ்தான் அவருடைய சேலம். "அங்க என்னங்க பாக்கறது?" என்று கேட்டேன். "அதுதான் எனக்குந் தெரியல. போனாத்தான தெரியும்" என்றார்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மகள் போட்டிருந்த ஓட்டலுக்கு ஒரு மத்தியானம் பையோடு போய் இறங்கினோம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் இவர் சட்டென்று நின்று பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ பெரிய மனிதர் வருவதால்தான் திறக்கிறது என்று நினைத்திருக்கிறார். உள்ளே ஜில்லென்று இருந்தது. பதிவு செய்யும் இடத்தில் சாவிக்குப் பதிலாக ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேசை. அதன்மேல் 'கான்சியர்ஜ்' என்று ஒரு பலகை.

"இது என்னங்க?" என்று பலகையைக் காட்டிக் கேட்டார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அடர்நீல நிறக் கோட்டு, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. "எங்க போகணும், என்ன பாக்கணும், எங்க சாப்பிடணும்னு நீங்க சொன்னா, அதுக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் நான் பண்ணித் தருவேங்க சார். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்காக வச்சிருக்கிறது."

"அதுக்குத் தனியா சார்ஜுங்களா?"

"இல்லீங்க சார். ரூமோட சேர்ந்தது." சிரித்துக்கொண்டே, கை பழகியபடி போனை எடுத்தாள். "ஏற்காட்டுக்கு வண்டி சொல்லட்டுங்களா? இப்ப கிளம்பினாக்கூட ஏரியில போட்டிங் போகலாம்."

"ஏற்காடு வேண்டாமுங்க. சேலம் பாக்கோணும்."

"சேலத்துல எங்கங்க சார்? ஆஸ்பத்திரிங்களா?"

"இல்லீங்க. சேலத்தத்தான். ஊரு. ஊருக்குள்ள பகல்ல போய்ப் பாக்கோணும்."

அவள் போனைக் கீழே வைத்தாள். எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "சார், நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ. நாலு ரோடு பக்கத்துல சர்ச்சு இருக்குது பாருங்க, அந்தக் கோயில் பங்குதான் நாங்க. இந்த மேசைக்கு வந்ததுல இருந்து ஒருத்தர் கூட என்கிட்ட சேலத்தக் கேட்டதில்ல. எல்லாரும் ஏற்காடு, இல்லன்னா மேட்டூர் டேம். சில பேரு ஒகேனக்கல். சேலத்தக் கேக்கிற மொத ஆளு நீங்கதான்."

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். விருந்தினருக்கு வழி சொல்லும் வேலையை விட்டுவிட்டு, அவளே எங்களோடு கிளம்பி வந்துவிடுவாளோ என்று தோன்றியது. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மோர் வந்தது. "சொல்லுங்க, உங்களுக்கு எது பிடிக்கும்? கோயிலா, கடைவீதியா, சாப்பாடா?"

எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடித்தது என்ன என்று எங்களை யாரும் இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை. அவள் அதைப் புரிந்துகொண்டு கேள்வியை மாற்றினாள். "சரி. சேலம் வழியா போறப்ப, அட, இத ஒரு நாளு இறங்கிப் பாக்கணும்னு எதயாச்சும் நினைச்சிருக்கீங்களா?"

நான் முந்திக்கொண்டேன். கொலுசு செய்வதைப் பார்க்க வேண்டும் என்றேன். சின்ன வயதிலிருந்து சேலத்துக் கொலுசு போட்டவள் நான். அத்தனை சின்ன வளையத்தை ஒன்றுக்குள் ஒன்றாக எப்படிக் கோர்க்கிறார்கள் என்பது தெரியாமலே இத்தனை வயதாகிவிட்டது. "செவ்வாய்ப்பேட்டையில எங்க பங்குல ஒருத்தரோட சிநேகிதர் பட்டறை வச்சிருக்காரு. கேட்டுட்டாப் போச்சு" என்றாள்.

"சார், நீங்க?"

அவர் மோர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார். "ஓமலூர் பக்கம் ஏர்போர்ட்டு இருக்குதுங்களே. அது கட்டறப்ப நான் கிளீனரா இருந்தேன். ரன்வேக்கு எங்க வண்டிலதான் ஜல்லி அடிச்சோம். அப்ப பொட்டக்காடு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எத்தனையோ தடவ போயிட்டேன். ஆனா பிளேன் இறங்கி ஒரு தடவகூடப் பாக்கல. அதப் பாக்க முடியுமுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்தச் செய்தியைக் கேட்டதே இல்லை. "எங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே?" என்றேன். "நீ கேக்கலயே" என்றார்.

அந்தப் பெண் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்கு போன் செய்தாள். "நாளைக்குச் சாயங்காலம் ஒரு பிளேன் வருது சார். உள்ள போய்ப் பாக்க டிக்கெட் வேணும். ஆனா வேலிக்கு வெளிய வயக்காட்டு ரோடு ஒண்ணு இருக்குதாம். அந்தச் சுத்துப்பட்டுக் குழந்தைங்க எல்லாம் அங்க நின்னுதான் பாக்குமாம். தலைக்கு மேலயே வருமாம்." இதைச் சொல்லும்போது அவளுடைய கையே தலைக்கு மேல் விமானமாகப் பறந்தது.

அன்று சாயங்காலத்துக்கு அவள் சொன்னது சாப்பாடு. ஓட்டலில் சாப்பிட வேண்டாம், இது நான் சொன்னதாக மேனேஜருக்குத் தெரிய வேண்டாம் என்று குரலைத் தாழ்த்தினாள். நடந்து போகும் தூரத்தில் ஒரு தள்ளுவண்டிக்கு வழி சொன்னாள். தட்டுவடை செட்டு. ஒரு தட்டுவடையின் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தந்தார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டை முழுக்கச் சிந்தும். இவர் கடித்தார். வெள்ளைச் சட்டையில் பீட்ரூட் சிவப்பாக வழிந்தது. வழக்கமாக இப்படி ஆனால் வீட்டுக்குத் திரும்பும்வரை முகம் சுண்டியிருக்கும். அன்று அப்படியே நின்று, "இன்னொரு செட்டு போடுங்க" என்றார். கையில் தட்டோடு தெருவில் நின்று, போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஸ்கூட்டரில் பூக்கூடை, துணிக்கடை வாசலில் ஐஸ்கிரீம் தின்கிற ஒரு குடும்பம். "ஏம்புள்ள, இத்தன சனமும் நாம பைபாஸ்ல போறப்ப உள்ளதான் இருந்திருக்குது, பாரு" என்றார்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. ஓட்டுநர் இளைஞன், பணிவானவன். இவர் நேராகப் போய் முன்கதவைத் திறந்தார். "சார், பின்னாடி உக்காருங்க. நீங்க கெஸ்ட்டு" என்று அந்தப் பெண் வாசல்வரை வந்து சொன்னாள். இவர் தயங்கித் தயங்கிப் பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸைத் தவிர வேறு எந்த வண்டியிலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனதில்லை. எந்த வண்டியானாலும் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருக்கும். அன்று அவர் கைக்கு வேலையில்லை. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை அழுத்தி பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். முன்னால் ஒரு மினி பஸ் குறுக்கே வந்தபோது என் காலையே மிதித்துவிட்டார். நான் கத்த, ஓட்டுநர் பயந்து நிஜமாகவே பிரேக் போட, மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டையின் சந்துகளுக்குள் கார் போகாது. இறங்கி நடந்தோம். மாம்பழக் காலம். மண்டிகளுக்கு வெளியே கூடை கூடையாக இறக்கியிருந்தார்கள். அந்தத் தெரு முழுவதும் பழ வாசனை. ஒரு மூட்டைத் தொழிலாளி, "அக்கா, ஓரமாப் போங்க" என்று விலக்கினார். லாரியில் ஏற்றும் சரக்கைத்தான் இவர் பார்த்திருக்கிறார். அதே சரக்கு ஒரு கிழவி கையில் கிலோக் கணக்கில் பேரமாவதை நின்று பார்த்தார். கிழவி ஒவ்வொரு மாம்பழமாக முகர்ந்து பார்த்துவிட்டு, இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே வந்ததை அவருக்கு விட்டு வர மனமில்லை.

பட்டறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சொல்லிவைத்திருந்ததால் எங்களுக்காக இரண்டு முக்காலிகள் போட்டிருந்தார்கள். சுருட்டி வைத்த வெள்ளிக் கம்பியை நறுக்கி, வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, சிறிய நெருப்பை ஊதி ஊதி ஒட்டினார்கள். நெருப்பு பட்டதும் அந்த இடம் ஒரு கணம் பளிச்சென்று ஓடிச் சேர்ந்தது. ஒரு பெண் குட்டி மணிகளை வரிசையாக வைத்துக்கொண்டே எங்களோடு பேசினாள். செய்து முடித்த கொலுசு கறுத்து அழுக்காக இருந்தது. அதைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போட்டுத் தேய்த்து எடுத்தபோது, அது வேறு கொலுசு. நான் கைதட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டால் முறைக்கிறவள் நான். பட்டறைக்காரர் அந்தக் கொலுசை என் கையில் கொடுத்து, "ஆட்டிப் பாருங்கம்மா" என்றார். ஆட்டினேன். அந்தச் சின்ன அறையில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஓமலூர் ரோட்டில் கிளம்பினோம். அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டோம். எங்கள் பையைத் தன் மேசைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொள்வதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வலதுபக்கம் சேர்வராயன் மலை கூடவே வந்தது. அதன்மேல் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். "இங்கதான் ஒரு கிரஷர் இருந்துது... இல்ல, அக்கட்டால" என்று தனக்குத்தானே பேசினார். வயல்வழி ரோடு வந்ததும் இறங்கினோம். கம்பி வேலி. அதற்கு உள்ளே நீளமாகக் கறுப்பு ரோடு. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

எங்களுக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். தோளில் குழந்தையோடு ஒரு அப்பா, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்ற ஒரு பெரியவர், வண்டியை நிறுத்திவிட்டு வெள்ளரிக்காய் விற்கும் ஒரு அம்மா. வெள்ளரிக்காய் வாங்கித் தின்றோம். விமானம் வரவில்லை. தின்று முடித்தும் வரவில்லை. காற்று குளிர்ந்தது. மேகம் இறங்கி வந்தது. தோளில் குழந்தை வைத்திருந்தவர், "இன்னிக்கு வராதாட்டம் இருக்குதுங்க" என்று கிளம்பத் தயாரானார்.

அப்போது என் போன் அடித்தது. ஓட்டல் பெண். "அக்கா, கிளம்பிட்டீங்களா?" நேற்று மேடமாக இருந்த நான் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. "கிளம்பாதீங்க! பிளேன் கிளம்புற ஊர்ல மழையாம், அதான் லேட்டு. இப்ப ஏறிடுச்சு. வந்துட்டிருக்கு. நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

நான் சத்தமாக எல்லோருக்கும் சொன்னேன். "வருதாம்!" தோளில் குழந்தை வைத்திருந்தவர் நின்றார். பெரியவர் மாட்டை வேலிக் கம்பத்தில் கட்டிப்போட்டார். தூறல் விழ ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை. முன்பின் தெரியாத நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்போல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் போனை வைக்கவே இல்லை. "அக்கா, கிட்ட வந்துடுச்சு... தெரியுதா? இன்னும் தெரியலயா?"

முதலில் ஒரு வெளிச்சம். மேகத்துக்குள் விளக்கு வைத்ததுபோல. பிறகு சத்தம். "அதோ! அதோ!" என்று குழந்தைதான் முதலில் கத்தியது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வந்தபோது, நான் நினைத்ததைவிடப் பெரிதாக, நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. நேராக எங்களை நோக்கி வந்தது. அதன் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இவர் வேலியை விட்டுவிட்டு ரோட்டு நடுவுக்கு ஓடினார். இரண்டு கையையும் தூக்கினார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர்கள் தட்டிக்கொண்டே கத்துவார்களே, அதே குரலில் கத்த ஆரம்பித்தார்.

"வரட்டும்... வரட்டும்... வா வா வா... நேரா வா... இன்னும் வா..."

அது எங்கள் தலைக்கு மேல் போனது. என் முந்தானை பறந்தது. மாடு கயிற்றை இழுத்தது. நெஞ்சுக்குள் டம்மென்று சத்தம் நிறைந்தது.

"வா வா வா... அப்படித்தான்... ரைட்டே!"

அவர் "ரைட்டே" என்று கத்தவும், அதன் சக்கரங்கள் தரையைத் தொட்டுப் புகை கிளம்பவும் சரியாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். விமானத்துக்கா இவருக்கா என்று தெரியவில்லை. பெரியவர் இவர் தோளைத் தட்டி, "நல்லா இறக்குனீங்க போங்க!" என்றார். இவர் முகத்தில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய குதித்துக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள, பாத்தியா? குலுங்கவே இல்ல பாத்தியா? நாங்க போட்ட ஜல்லி!"

போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "அக்கா, என்ன ஆச்சுக்கா, யாருக்கா கத்துனது?" சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நனைந்த துணியோடு ஓட்டலுக்குத் திரும்பினோம். அந்தப் பெண் துண்டுகளோடு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு வேலை முடியும் நேரம். ஆனாலும் எங்களை உட்காரவைத்து, காபி வரவழைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இவர் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டியே சொன்னார். வரவேற்பில் இருந்தவர்களும் பெட்டி தூக்குகிறவரும் வந்து நின்று கேட்டார்கள். முடிந்ததும் அவள், "ஒரு உண்மை சொல்லட்டுங்களா சார்? நானும் போய்ப் பாத்ததில்ல. நேத்து உங்களுக்காக விசாரிச்சப்பதான் அந்த இடமே எனக்குத் தெரியும். இந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு அங்கதான் போறேன்" என்றாள்.

"போறப்ப வெள்ளரிக்காய் வாங்கிக்கோங்க. நேரமானா பசிக்கும்" என்றார் இவர். பிறகு மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்தார். "ஏனுங்க, உங்கள மாதிரி ஒருத்தங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்களா?"

"பெரிய ஓட்டல்ல இருப்பாங்க சார்."

"நாக்பூர்ல?"

"இருப்பாங்க."

"இந்தூர்ல?"

"இருப்பாங்க சார்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். புது லோடு கிடைத்தால் வருகிற பார்வை.

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகள் போன் செய்தாள். "எப்படிம்மா இருந்துது? ஏற்காடு போனீங்களா?" நான் கொலுசிலிருந்து ஆரம்பித்தேன். இவர் போனைப் பிடுங்கி விமானத்திலிருந்து ஆரம்பித்தார். நான் திருப்பிப் பிடுங்கினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்க! அப்பா எதுக்குப் பிளேனுக்கு ரைட்டு குடுத்தாரு?" என்று அவள் கத்துவது பஸ்ஸுக்கே கேட்டது.

"அத விடு சாமி" என்றார் அவர். "பொங்கலுக்கு உனக்கு லீவு இருக்குதா? மூணு பேரும் இந்தூர் போறோம். ரயில்ல போறோம். அந்த அரண்மன எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேட்டு வையி."